மூணு தடவை தட்டு

எட்டு பேர் இல்ல இது. எட்டு பேருக்குப் பதினாறு கால்தான், எனக்கு எண்ணத் தெரியாதா, ஆறு நாளா இந்த அலமாரிக்குள்ள நின்னுக்கிட்டு காலைத்தானே எண்ணிக்கிட்டிருக்கேன். பிளைவுட் அலமாரி, உள்ள ஒரு ஆள் நிக்கலாம், கையை மடக்க முடியாது, மூக்கு நேரா ஒரு ஓட்டை, அதுல பாத்தா நடையில ஒரு சாண் வெளிச்சம், அந்த வெளிச்சத்துல முட்டிக்குக் கீழ மட்டும்தான் மனுஷங்க. ஷூ, ஷூ, கொலுசு, ரப்பர் செருப்பு, ஷூ. போயிட்டே இருக்கு. நிக்கவே இல்ல. ரெண்டு நிமிஷம் இடைவெளி விடணும்ப்பா ஜெபராஜ், கேட்ல நிக்கறவனுக்கு அது ஒண்ணுதானே வேலை, எட்டு பேரை உள்ள விடு, சங்கிலியைப் போடு, வாட்சைப் பாரு, சங்கிலியை எடு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, சங்கிலியைக் கழட்டித் தூரப் போட்டுட்டான் போலிருக்கு. மணி நாலு இருக்கும். வெளிய வெயில் மண்டையைப் பொளக்கும், ராட்டினத்துல இருந்து இறங்கினவங்க ஐஸ்கிரீம் நக்கிக்கிட்டுப் போவாங்க, இங்க உள்ள கன்னங்கரேல்னு இருட்டு. ஏசி இருக்குன்னு பேரு, அது பேய்ங்களுக்கு இல்ல, பேயைப் பாக்க வர்றவங்களுக்கு. நைலான் சவுரி கழுத்தெல்லாம் அரிக்குது. மூஞ்சியில அப்பின வெள்ளை வேர்வையில உருகி உதட்டுக்கு வருது. நான் செத்துப்போன நர்சு. பத்து நாள் ஹாலோவீன் பேய்த் திருவிழான்னு மகாபலிபுரம் ரோடு பூரா பேனர் கட்டியிருக்கானே இந்த பார்க்குக்காரன், அதுல ரெண்டு பேய் வீடு, எங்க வீட்டுக்குப் பேரு பதிமூணாம் வார்டு, அதுல ஆறாவது இடம் என்னோடது. ஜனம் என்னைத் தாண்டிப் போனதும் தகரத்தட்டால கதவுல ஓங்கி ஒரு அடி அடிச்சு, முதுகுக்குப் பின்னாடி வந்து அலறணும். முன்னாடி நின்னு பயமுறுத்தவே கூடாது, முதல் நாளே சொல்லிட்டாங்க, முன்னாடி நின்னா ஜனம் பின்வாங்கும், பின்வாங்கினா அடுத்த எட்டு பேர் மேல விழும். முதுகுல பயமுறுத்தினா முன்னாடி ஓடும், வீடு சீக்கிரம் காலியாகும். பேய்க்கும் இதுல ட்ராஃபிக் போலீஸ் வேலைதான். அடிச்சேன். அலறினேன். ஓடினாங்க. ஓடின சத்தம் நாலு தப்படியில நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சு?

தட் தட். யாரது. ரெண்டு தட்டு. ரெண்டுதான், இதழினி மூணு தட்டும். எம்பொண்ணு, ஒன்பது வயசு, ஒரு வாரமா என்னைத் தூங்க விடல, நீ என்ன பேயும்மா, எங்க நிப்ப, எனக்கு மட்டும் சொல்லும்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னேன். ஒரு அலமாரி வரும், அதை மூணு தடவை தட்டு, நீதான்னு தெரிஞ்சுக்குவேன், உன்னைப் பயமுறுத்த மாட்டேன், கதவைத் திறந்து ஒரு முத்தம் குடுத்துட்டு மூடிக்குவேன். அதுக்கு அது, இருட்டுல அலமாரி தெரியலைன்னா? தெரியலைன்னா சுவத்தைத் தட்டுடி, அம்மா ஏதாவது சுவத்துக்குப் பின்னாடிதான் இருப்பேன். அதுக்கு அப்படி ஒரு சிரிப்பு. வேலைக்காரங்க குடும்பத்துக்கு ஒரு நாள் இலவச பாஸ், இவருக்கு லீவு ஞாயித்துக்கிழமைதான், ஞாயித்துக்கிழமை வேண்டாங்க, செவ்வாய்க்கிழமை ஒரு பர்மிஷன் போடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா. காலையில நான் கிளம்பும்போதே குழந்தை கவுனை எடுத்து வச்சாச்சு. கேளம்பாக்கத்துல பஸ் ஏறிட்டாங்களா, வந்துட்டாங்களா, உள்ளேயே வந்துட்டாங்களா, ஒண்ணும் தெரியாது, ஃபோனை லாக்கர்ல வாங்கி வச்சுக்கறான். இந்தக் கால்ல எது அதோட கால்? நீல ஷூ. வெள்ளைப் பட்டை போட்ட நீல ஷூ. இல்ல, இது கறுப்பு. இருட்டுல நீலமும் கறுப்புதானே. இவருக்கு வரிசைன்னாலே ஆகாது, குபேந்திரன்னு எங்க மாமியார் பேரு வச்சதுக்கு அவசரன்னு வச்சிருக்கலாம். டோல்கேட்டா, ரேஷனா, எங்க வரிசை சின்னதோ அங்க போய் நிப்பாரு. கல்யாண வீட்டுல ஐஸ்கிரீம் கிட்ட கூட்டமா இருந்தா பீடா கிட்ட போய் நின்னுட்டு, எனக்கு ஐஸ்கிரீமே பிடிக்காதும்பாரு. ஆனா குழந்தை கெஞ்சினா நிப்பாரு. அம்மாவைப் பாக்கணும்னு அழுதா நிக்காம என்ன பண்ணுவாரு. நிப்பாரு. அப்ப இந்நேரம் உள்ள வந்திருப்பாங்க. தட் தட் தட். மூணு! கதவைத் திறந்தா ஒரு தடியன், தாடி வச்சவன், "ஐயோ நர்சம்மா, ஊசி போட்டுடாதீங்க"ன்னு இளிக்கறான். அவன் பின்னாடி ஒருத்தன், அவன் தோள் மேல ஒருத்தன். மூடிக்கிட்டேன். எனக்கே நெஞ்சு அடிச்சுக்குது, பேய் நெஞ்சு.

எல்லாம் அந்த போர்டால வந்தது. எங்க வீட்டு வாசல்ல ஒரு போர்டு, எதிர்த்தாப்புல கிணத்து பங்களா வாசல்ல ஒரு போர்டு, உள்ள போன தலையை எண்ணிச் சிவப்பு லைட்டுல காட்டும். பத்து நாள் முடிஞ்சா எந்த போர்டுல நம்பர் அதிகமோ அந்த டீமை டிசம்பர் லீவுக்கும் வச்சுக்குவாங்களாம், இன்னொரு டீமுக்கு டாட்டா. அஞ்சு நாளா அவங்கதான் மேல. கிணத்துல இருந்து பொம்பளை ஏறி வர்றதுல அப்படி என்னத்தைக் கண்டாங்களோ. நேத்து யாரோ எங்க காத்துப்பைச் சந்துல வீடியோ எடுத்துப் போட்டான், அவ்வளவுதான், இன்னைக்கு எங்க வரிசை தண்ணிச் சறுக்கு வரைக்கும் நிக்குது, அங்க ஈ ஓட்டறாங்க. காலையில ஜெபராஜ் வந்து, "வசுக்கா, இன்னைக்கு ஒரே நாள்ல அவங்களைத் தாண்டிடலாம், ரெண்டு நிமிஷத்தை முக்கா நிமிஷம் ஆக்கிடவா"ன்னான். நான் என்ன சொன்னேன்? வேண்டாம்ப்பான்னா சொன்னேன்? "விடுடா, அள்ளி விடு, நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னேன். சொல்லிட்டுக் கையும் தட்டினேன். இந்த வாய் இருக்கே, இதுல நெருப்பை அள்ளி வைக்கணும். டிசம்பர் வரைக்கும் வேலை இருந்தா இதழினியைப் பாட்டு க்ளாஸ்ல சேக்கலாம்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்குல குழந்தையே வந்து மாட்டிக்கும்னு எனக்குத் தோணல. தோணியிருக்கணும்.

காத்துப்பைச் சந்துன்னா ஒண்ணுமில்ல, என் அலமாரியைத் தாண்டி நாலு தப்படியில ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல கறுப்பு கேன்வாஸ் பை, மோட்டார் காத்து ஊதி ஊதி உப்பி நிக்கும், நடுவுல வழியே இருக்காது, மூஞ்சியால பையைத் தள்ளிக்கிட்டு நுழையணும். பத்து தப்படி. முடிஞ்சா வெளிய போற வாசல், அங்க டிவி, அதுல அவங்கவங்க பயந்த மூஞ்சி ஃபோட்டோவா வரும். எட்டு எட்டு பேரா வந்தா ஃபோட்டோவைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. இன்னைக்கு? எல்லாரும் டிவி முன்னாடி நிப்பாங்க, அவங்க நின்னா பின்னாடி வர்றவன் சந்துக்குள்ள நிப்பான், அவன் நின்னா இதோ என் அலமாரி முன்னாடி இவன் நிப்பான், நான் என்ன பண்றேன், முதுகுல போய் அலறி உள்ள தள்ளறேன். இப்ப எத்தனை பேரைத் தள்ளியிருக்கேன்? முப்பது? நாப்பது? டில்லிபாபு ஏழாவது பேய், சந்து வாசல்ல பிணமாப் படுத்திருப்பான், எழுந்திரிச்சுக் காலைப் பிடிப்பான், ரெண்டு பிள்ளைக்கு அப்பன், அவன் குரலையே காணோம். பயந்தவங்க கத்துவாங்க. கத்திட்டுச் சிரிப்பாங்க. ஆறு நாளா அந்தக் கத்தலும் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். இப்ப சந்துப் பக்கம் கத்தலும் இல்ல, சிரிப்பும் இல்ல. அது எனக்குப் பிடிக்கல. "காப்பாத்துங்க, மூச்சு முட்டுது"ன்னு ஒரு பொம்பளைக் குரல். அது ஸ்பீக்கர், நாங்களே பதிஞ்சு வச்சது, நாப்பது செகண்டுக்கு ஒரு தடவை வரும், அழுகை, இருமல், அப்புறம் காப்பாத்துங்க. "மூச்சு முட்டுதுங்க, கொஞ்சம் விடுங்க." இது? விடுங்கன்னு எங்க பதிவுல கிடையாது. இருமல் இல்லாம வந்துச்சு. வரிசையில நின்னவங்க அதுக்கும் ஹோன்னு சிரிக்கறாங்க, ஒருத்தி, "செம்மயா நடிக்கறாங்கடி"ங்கறா.

ஒண்ணும் ஆகாது வசுமதி. கூட்டம் உனக்குப் புதுசா. தி.நகர்ல ஏழு மாடி ஜவுளிக்கடையில பதினொரு தீபாவளி பாத்தவ நீ. பாத்தேன். மூணாவது மாடியில சேலை செக்‌ஷன், கையில மைக், என் குரல் அந்தத் தெருவுக்கே தெரியும். கூட்டம் ஒரு கவுண்டர்ல அடைச்சுக்கிட்டா தள்ளுங்கன்னு சொன்னா தள்ள மாட்டாங்க, ஆபத்துன்னு சொன்னா என்ன ஆபத்துன்னு எட்டிப் பாக்க வருவாங்க. "நாலாவது மாடியில புது ஸ்டாக் பிரிச்சிருக்கோம் மேடம், கூட்டமே இல்ல, சீக்கிரம் வாங்க." அவ்வளவுதான், இந்தக் கவுண்டர் காலி. எல்லாரும் என்னை மெச்சுவாங்க. கால் வலின்னு வேலையை விட்டேன். கால் வலிதான். நாள் பூரா நின்னா வலிக்காதா. கால் வலியும், ஒரு மஞ்சச் செருப்பும். விடு அதை. மஞ்சச் செருப்பு, மேல ஒரு பிளாஸ்டிக் பூ, இவ்வளவூண்டு, மாடிப்படி நடுவுல தனியாக் கிடந்துச்சு, நான் மைக்குல கூப்பிட்டு ஒரு நிமிஷம் ஆகல, ஜனம் படியில ஏறின வேகத்துல ஒரு குழந்தை விழுந்துடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு மேனேஜர் சொன்னார். கை உடைஞ்சுதுன்னு லிஃப்ட்காரர் சொன்னார். நான் போய்ப் பாக்கல. செருப்பை எடுத்து பில் கவுண்டர்ல வச்சேன், யாரும் வந்து கேக்கல. அலமாரி ஆடுது. யாரும் தட்டல, முதுகுங்க வந்து சாயுது. ஓட்டையில வெளிச்சம் இல்ல, யாரோ ஒட்டி நிக்கறாங்க, சட்டைத்துணி தெரியுது, மூச்சு விடறது தெரியுது. "அப்பா." குழந்தைக் குரல். சந்துப் பக்கத்துல இருந்து. "அப்பா, அப்பா." எல்லாக் குழந்தையும் அப்பான்னுதான் கூப்பிடும். இதழினி அப்பாவை அப்பான்னு கூப்பிடுமா, டாடின்னு கூப்பிடுமா, ஐயோ, ஒன்பது வருஷமாக் கேக்கறேன், இப்ப மண்டையில வர மாட்டேங்குது.

தோளால இடிச்சு வெளிய வந்துட்டேன். அலமாரிக் கதவு பாதிதான் திறந்துச்சு, கை உரசிச்சு. முன்னாடி சந்து வாய்ல சுவர் மாதிரி முதுகுங்க, பின்னாடி உள்ள வர்ற வாசல் திரை வரைக்கும் தலைங்க, ஃபோன் லைட்டுங்க. "நில்லுங்க, வராதீங்க, முன்னாடி அடைச்சுக்கிச்சு!" என்னா கைதட்டல்! "நிஜமாத்தான் சொல்றேன், உள்ள குழந்தை மாட்டிக்கிச்சு!" பின்னாடி நிக்கறவன் இன்னும் ஒரு அடி முன்னாடி வந்து ஃபோனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டறான். சவுரியைப் பிச்சு எறிஞ்சேன். வீல்னு சந்தோஷமாக் கத்தறாங்க. சேலைத் தலைப்பால மூஞ்சியைத் துடைச்சேன், வெள்ளை போய்க் கறுப்பு ஈஷி இன்னும் கேவலமாத்தான் ஆகியிருப்பேன், ஒரு பொண்ணு பக்கத்துல வந்து செல்ஃபி எடுக்கறா. கை கூப்பினேன். அதுக்கும் சிரிப்பு. விளக்கு ஸ்விட்ச் ஒண்ணு நாலாவது இடத்துல இருந்துச்சு, வர்றவங்க விளையாட்டுக்கு அமுக்கறாங்கன்னு கேட்டுக்கு மாத்திட்டாங்க. கேட்டு அம்பது தலைக்கு அந்தப் பக்கம். "ஜெபராஜ்!" ஸ்பீக்கர்ல எங்க பொம்பளை இருமறா. பேய் பேச்சை யார் நம்புவா. நானா இருந்தா நம்புவேனா. பின்னாடி இருந்து ஒரு தள்ளு வந்துச்சு, கால் தரையில இல்ல எனக்கு, ஒரு செகண்டு, ரெண்டு செகண்டு, அப்புறம்தான் தரை வந்துச்சு. அந்த ரெண்டு செகண்டுல மஞ்சச் செருப்பு. அப்பத்தான் வாய் தானாத் திறந்துச்சு. "மேடம்! சார்! பின்னாடி இருக்கறவங்களுக்குச் சொல்றேன், எதிர்ல கிணத்து பங்களாவுல கூட்டமே இல்ல, வரிசை இல்லாம உடனே விடறாங்க, முதல்ல வர்றவங்களுக்கு ஃபோட்டோ ஃப்ரீ, சீக்கிரம் வாங்க மேடம், சீக்கிரம்!"

அது பேய்க் குரல் இல்ல. மூணாவது மாடிக் குரல். திரைப் பக்கம் ஒருத்தர், "ஃபோட்டோ ஃப்ரீயாமே"ங்கறார். "அங்க காலியாமே." "ஏய், வா வா, அந்தப் பக்கம்." திரும்பறாங்க! காப்பாத்துன்னு கதறினப்ப அசையாத முதுகெல்லாம் ஃப்ரீன்னதும் திரும்புது. நான் விடாம கூவறேன், தொண்டை கிழியுது, "கூட்டமே இல்ல மேடம், கூட்டமே இல்ல!" திரை கிழிஞ்சு விழுந்து வெயில் உள்ள வருது, வெளிய வரிசையில நின்னவங்க வரைக்கும் சேதி போயிடுச்சு, தபதபதபன்னு காலடி, ஊரே ஓடற மாதிரி. நானும் அவங்க பின்னாடி கேட்டுக்கு ஓடி, "லைட்டைப் போடுறா, மோட்டாரை நிறுத்து"ன்னு ஜெபராஜ் சட்டையைப் பிடிச்சேன். லைட்டு வந்துச்சு. காத்துப்பை புஸ்ஸுன்னு இறங்கிச்சு. உள்ள இருந்து ஒவ்வொருத்தரா வேர்வை ஊத்த வர்றாங்க, கிழவர் ஒருத்தர் சட்டைப் பித்தானைத் திறந்துக்கிட்டு உக்காந்துட்டார், ஒரு பொம்பளை வாந்தி எடுக்கறா. டில்லிபாபு பிண வேஷத்தோட ஒரு குழந்தையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வர்றான். நான் குழந்தையோட காலைத்தான் முதல்ல பாத்தேன். ரப்பர் செருப்பு. அப்புறம்தான் மூஞ்சி. இதழினி இல்ல. எல்லா மூஞ்சியும் பாத்தேன், ரெண்டு தடவை பாத்தேன், இல்ல, இல்ல, என் குழந்தை இதுல இல்ல. அப்படியே தரையில உக்காந்து சிரிச்சேன். பஸ்ஸே கிடைச்சிருக்காது, வீட்டுல டிவி பாத்துக்கிட்டிருக்கும், மகராசி. டில்லிபாபு, "அக்கா, எல்லாரும் வந்துட்டாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல, நீங்க என்னத்தைக்கா சொன்னீங்க, அப்படியே ஓடிட்டாங்க"ன்னு என் தோளைப் பிடிச்சு உலுக்கறான்.

ஜெபராஜ் மூஞ்சி செத்துப்போய் நிக்கறான். போர்டுல நம்பர் அப்படியே நிக்குது. "விடுடா, டிசம்பர் போனாப் போகுது"ன்னேன். "அது இல்ல வசுக்கா. உங்க வீட்டுக்காரர் வந்தாரு." எங்க? "பாப்பாவோட. இங்க ஒரு மணி நேரம் ஆகும் சார்னு சொன்னேன். சரி, எதிர்ல ஆளே இல்ல, அதை முதல்ல பாத்துட்டு வந்துடறோம், வசுமதிகிட்ட சொல்லிடுங்கன்னு போனாரு. பாப்பா வர மாட்டேன்னு அழுதுச்சு. அம்மா எல்லா வீட்டுலயும்தான் இருப்பா, வாடின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாரு." எப்படா? "இப்பத்தான்க்கா. நீங்க கத்தறதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி."

வெயில் கண்ணைக் கூசுது. எதிர்ல கிணத்து பங்களா வாசலே தெரியல, அத்தனை தலை. அவங்க கேட் ஆளு ஸ்டூல் மேல ஏறி நின்னு வாங்க வாங்கன்னு ரெண்டு கையாலயும் அள்ளி விடறான், வாயெல்லாம் பல்லு, அவன் போர்டுல சிவப்பு நம்பர் பாக்கப் பாக்க ஏறுது. "நிறுத்துப்பா!" நர்சுப்பேய் நடுவெயில்ல ஓடி வருதுன்னு ஜனம் சந்தோஷமா ஃபோனைத் தூக்குது. வழி விடுங்க. விட மாட்டாங்க, எனக்குத் தெரியும், தள்ளுங்கன்னா தள்ள மாட்டாங்க. வாயைத் திறந்தேன், மேடம், சார், கூட்டமே இல்ல, எங்க? எங்க கூட்டமே இல்ல? எங்க வீட்டுல லைட்டைப் போட்டாச்சு, மூணாவது வீடு ஒண்ணு இந்த பார்க்குலயே இல்ல. பக்கவாட்டுல ஓடினேன். வீடுன்னு பேரே தவிர இதுவும் பிளைவுட்டுதான், பின்பக்கம் பெயின்ட் கூட அடிக்கல, காதை வச்சேன். உள்ள அவங்க ஸ்பீக்கர்ல யாரோ கிணத்துக்குள்ள இருந்து சிரிக்கறா. அதுக்கு அடியில, கையால, முழங்கையால, முதுகால பலகை பூரா இடிக்கற சத்தம், பத்துப் பேர், இருபது பேர், எண்ண முடியல. கத்தல் இல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சேன். இன்னும் கொஞ்சம் கீழ, மண்டி போட்டு, என் இடுப்பு உயரத்துல. தட் தட் தட். நிக்குது. தட் தட் தட். மறுபடி நிக்குது. அம்மா இந்தச் சுவத்துக்குப் பின்னாடிதான் இருக்கேன்னு நம்பித் தட்டுது, பயமுறுத்தாதே, நான்தான்னு சொல்லுது. "அம்மா இங்கதாண்டி இருக்கேன், தட்டிக்கிட்டே இரு, நிறுத்தாதே"ன்னு பலகையில வாயை வச்சுச் சொல்லிக்கிட்டு, ஆணி அடிச்ச மூலையில நகத்தைக் குடுத்து இழுக்கறேன்.